பஸ் படியில் ஒரு கால்

"என் மகள் வீடு கட்டுகிறாள்" என்று அம்மா ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி முழுவதும் சொல்லி வைத்திருந்தார். அது பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்ட ஒன்பதாம் மாடி அக்கா ஒருநாள் லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செபராங் ஜெயா பக்கம் ஒரு டெரஸ் வீடு இருந்தா சொல்லும்மா. நம்ம ஆளுக்கு டிஸ்கவுண்ட் உண்டுதானே?" என்று கேட்டபோதுதான் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று தெரிந்தது. நான் கட்டும் வீடுகளின் கூரையைக் கணினிச் சுட்டியால் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். சமையலறையைப் பிடித்து இழுத்துப் படுக்கையறைக்குள் நுழைக்கலாம். குடியிருப்பவர் குளிக்க மறந்தால் அவரைச் சுற்றிப் பச்சைப் புகை கிளம்பும். இதையெல்லாம் ஏழு மாடி ஏறுவதற்குள் எப்படி விளக்குவது? "பார்க்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு எங்கள் மாடியில் இறங்கிக்கொண்டேன்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. மேலே நாங்கள் பதினோரு பேர், ஆள் வளர்க்கும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அந்த வகை விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுடவோ ஓடவோ ஜெயிக்கவோ அதில் ஒன்றும் இல்லை. ஓர் ஆளை உருவாக்குவீர்கள். அவரை ஒரு வீட்டில் குடிவைப்பீர்கள். அவர் சாப்பிடுவார், தூங்குவார், வேலைக்குப் போவார், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவார். அவ்வளவுதான். நாம் தினமும் இலவசமாகச் செய்கிற அதே காரியங்களை இன்னொருவரைச் செய்ய வைத்துவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது.

இந்த விளையாட்டுகளில் ஊர் என்பது ஒரு வினோதமான பொருள். மேலிருந்து பார்த்தால் வீடுகள், கடைகள், பூங்கா எல்லாம் கட்டம் கட்டமாக அழகாகத் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு வீட்டுக்குள் இருக்கும்போது அடுத்த வீடு வெறும் அட்டைப்பெட்டிதான். உள்ளே யாரும் சமைப்பதில்லை. நீங்கள் பார்க்காத நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கிடையவே கிடையாது. குடிவந்த முதல் நாள் மட்டும் கேக்கோடு வந்து மணி அடிப்பார். எங்கள் மாடியில் யாராவது கேக்கோடு வந்து மணி அடித்தால் பணம் வசூலிக்க வந்த ஆள் என்று நினைத்து விளக்கை அணைத்துவிடுவோம்.

பயணம் அதைவிட வினோதம். வரைபடத்தைத் திறந்து போக வேண்டிய இடத்தைத் தட்ட வேண்டும். உங்களோடு யார் யார் வருகிறார்கள் என்று கேட்கும். திரை இருண்டு ஒரு வட்டம் சுற்றும். வட்டம் நின்றதும் கடற்கரையில் நிற்பீர்கள். நெரிசல் இல்லை, பாலம் இல்லை, மோட்டாரை எங்கே நிறுத்துவது என்ற கவலை இல்லை. வேலைக்குப் போகிறவர் இன்னும் மோசம். வாசலில் இறங்கி ரோட்டோரம் வரை நடப்பார், அங்கேயே காற்றில் கரைந்துவிடுவார். சாயங்காலம் அதே இடத்தில் முளைப்பார். வெளியூருக்கு விடுமுறை போனால் வீட்டுக் கடிகாரமே நின்றுவிடும். ஒரு வாரம் கழித்து வந்தாலும் மேசையில் வைத்துவிட்டுப் போன சோறு சூடாக இருக்கும்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை இந்த விளையாட்டுக்குப் புதிதாக ஓர் ஊர் கட்டுவது. எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. என் ஊர்தான். அடுக்குமாடி, அதன் நீண்ட நடைபாதை, கதவுக்கு வெளியே செருப்புக் குவியல், தொட்டியில் கறிவேப்பிலை, கீழே காலையில் வந்து நிற்கும் பெக்டரி பஸ். கணினிச் சிப் செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் அந்த பஸ்ஸில்தான் என் அம்மா இருபது வருடமாகப் போய்வருகிறார்.

கொஞ்சம் பெருமை பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அம்மா ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதுவும் இல்லை. லாரி ஓட்டுகிறார், வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். அதனால் நான் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டத்தோடு திரும்பியபோது என் தலை கதவு நிலையில் இடிக்கும் அளவுக்கு உயர்ந்துதான் இருந்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு நீல நிறக் கழுத்துக் கயிறு வாங்கிக் கொடுத்தேன், பஸ்ஸில் ஏறும்போது காட்ட வேண்டிய பெக்டரி கார்டை மாட்டிக்கொள்ள. காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து தினமும் காலையில் ஏழாம் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அந்த பஸ்ஸைப் பார்த்திருக்கிறேன். தினமும் யாராவது ஒரு பெண் பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கைப்பையைத் துழாவிக்கொண்டிருப்பார். சில நாள் அது அம்மா. வருடக்கணக்காக ஒரு கார்டை ஒரே இடத்தில் வைக்கத் தெரியாத பெண்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் படித்து வேறு மாதிரி வருவேன் என்றும் நினைத்துக்கொள்வேன். கயிற்றை அம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ஒருநாளும் போட்டு நான் பார்க்கவில்லை.

ஊரைக் கட்டி முடித்தேன். என் முதல் வேலை அது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு நிரந்தரக் கடிதம் வரவேண்டும், அல்லது வராது.

வெளியிலிருந்து மூன்று கல்லூரி மாணவிகளைக் கூப்பிட்டு என் ஊரை விளையாடச் சொன்னார்கள். நான் பின்னால் நின்று பார்த்தேன். பேசக்கூடாது, அதுதான் விதி. மூன்று பேரும் "அழகா இருக்கு" என்றார்கள். மூன்று பேரும் கறிவேப்பிலைத் தொட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அப்புறம் வரைபடத்தைத் திறந்து சந்தையைத் தட்டினார்கள், வட்டம் சுற்றியது, சந்தை. மறுபடி தட்டினார்கள், வட்டம், வீடு. நான் ஒரு மாதம் உட்கார்ந்து செருப்பு செருப்பாக அடுக்கிய நடைபாதையில் ஒருத்திகூடக் கால் வைக்கவில்லை. காலை ஆறு ஐந்துக்கு என் பஸ் வந்தது. கதவு திறந்தது. நின்றவர்கள் ஏறினார்கள். கதவு மூடிப் போய்விட்டது. இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்ட பிறகு மாணவிகள் தொழிற்சாலையையும் வரைபடத்திலேயே தட்டிவிட்டார்கள்.

எங்கள் பாஸ் தமிழ் முஸ்லிம், நாற்பது வயதிருக்கும், பரம்பரையாக நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த குடும்பம். மற்றவர்கள் முன்னால் பாஸ் என்பேன், தனியாக இருந்தால் அண்ணே. அன்றைக்குத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊர் ரொம்ப அழகா இருக்குமா. ஆனா ஊருக்குள்ள ஆள் போகல."

"வரைபடப் பயணத்தை எடுத்துட்டா போவாங்க அண்ணே."

"அது கதவைப் பூட்டிட்டு வெளிய போய் விளையாடுன்னு புள்ளைங்கள விரட்டற மாதிரிலா. தட்டினா போய்ச் சேரலாம். அப்புறம் எதுக்கு நடக்கணும்? எதுக்குப் பக்கத்து வீட்டைப் பார்க்கணும்? அதுக்கு நீ என்ன காரணம் வச்சிருக்க?"

என்னிடம் காரணம் இல்லை. செருப்புகள்தான் இருந்தன.

"ரெண்டு வாரம்," என்றார். "அடுத்த டெஸ்ட்லயும் இப்படித்தான்னா கடற்கரைப் பங்களா ஊரைத்தான் போடணும். உன் ஊர் போகலன்னா, உன் கடிதத்துக்கு மேலிடத்துல போய் என்னான்னு சொல்லிக் கேப்பேன்?"

கடற்கரைப் பங்களா ஊர் என் பக்கத்து மேசைக்காரரின் படைப்பு. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் நீச்சல் குளம் உண்டு. அக்கம்பக்கம் என்பதே கிடையாது.

வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை. வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மா எல்லா மாடிக்கும் ஏற்கனவே அறிவித்திருந்தார். நான் அதை மறுக்கவும் இல்லை. 

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இதுதான் நீ கட்டற வீடா? நம்ம புளோக் மாதிரியே இருக்கு. இதுக்கா இவ்வளவு படிச்ச?"

"நீங்க கொஞ்சம் விளையாடிப் பாருங்கம்மா."

"எனக்கு இங்லீஷ் தெரியாதே."

"இதுல யாருமே இங்லீஷ் பேச மாட்டாங்க."

உண்மைதான். இந்த விளையாட்டு மனிதர்கள் எந்த மொழியிலும் சேராத ஒரு மொழியில் குழறுவார்கள். அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது தலைக்கு மேலே படமாக வரும். கோபம் வந்தால் மின்னல், பசி வந்தால் தட்டு. அம்மா ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். இரண்டு பெண்கள் பேசுவதைப் பார்த்து, "இவ அவ புருஷனைப் பத்திப் பேசறா" என்றார். நான் பார்த்தேன். சரிதான். இதே குறியீட்டைக் கண்டுபிடிக்க என் மாணவிகளுக்கு அரை மணி நேரம் ஆனது.

தனக்கென ஓர் ஆளை உருவாக்கிக்கொண்டார். ஒல்லியான இடுப்பு, முட்டி வரை முடி. "புருஷன் வேணுமாம்மா?" என்று கேட்டேன். "லாரியில போயிருக்காருன்னு வச்சுக்க. வீடு சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

விளையாட்டில் மறுநாள் காலை. அம்மாவின் ஆள் எழுந்தாள், பல் தேய்த்தாள், அம்மாவின் கட்டளைப்படி நிதானமாகச் சோறு கட்டினாள். ஆறு ஐந்து. பஸ் வந்தது. மூன்றாம் மாடிப் பெண் ஏறினாள். கதவு மூடியது. பஸ் போனது. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"ஏய்! ஏய்! நான் வர்றேன்ல! ஏன்டி போயிட்டான்?"

"ஆறு அஞ்சும்மா. அதான் டைம்."

"டைம்னா? அப்ப யாரு பிடிச்சா?"

"எதைப் பிடிக்கணும்?"

"பஸ்ஸைலா! மூணாம் மாடிக்காரி ஏறினாளே, படியில நின்னு பேக்கைத் துழாவியிருக்கணுமா வேணாமா? கல்லு மாதிரி போய் உக்காந்துட்டா. இவளெல்லாம் ஒரு பொம்பளையா?"

நான் மெதுவாகக் கேட்டேன். "பேக்கை எதுக்கும்மா துழாவணும்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர என் படிப்பு போதாது.

"வர்றவளுக்கு நேரம் வேணும்ல? ஒரு கால் படியில இருந்தா அவரு கதவை மூட முடியாது. கார்டு தேடறவளை ஏத்தாமயும் போக முடியாது. லிஃப்டு வர்ற வரைக்கும் தேடணும். அதுக்குள்ள அவ இறங்கிருவா."

"தினமுமா?"

"தினமும் யாராச்சும் ஒருத்தி லேட்டுதானே? புள்ளைக்கு வாந்தி, மாமியாருக்கு மருந்து. இன்னிக்கு அவ, நாளைக்கு நான்."

"டிரைவருக்குத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? பாச்சிக்குக்கு இருபது வருஷமா தெரியும். கேட்டா கார்டு தேடுச்சுன்னு சொல்லிடுவாரு. அவரு பேர்லயும் தப்பில்ல, எங்க பேர்லயும் தப்பில்ல."

மேலேயிருந்து பார்த்துப் பார்த்து நான் கண்டுபிடித்திருந்த பெரிய உண்மை இப்படித்தான் உடைந்தது. பன்னிரண்டு வருடம் ஏழாம் மாடியிலிருந்து எல்லாவற்றையும் தெளிவாகப் பார்த்தேன், ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை. ஒருநாளும் கீழே இறங்கிப் போய் நின்றதில்லை. நான் அந்த பஸ் பக்கமே வரக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், நானும் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

"அப்ப நான் வாங்கிக் கொடுத்த கயிறு?"

"நல்ல கயிறு. ஆனா கார்டு கழுத்துலயே தொங்கினா எப்படித் தேடறது சொல்லு? அதான் மடிச்சு அலமாரியில வச்சிருக்கேன்."

நான் நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். பூண்டு அப்படியே கிடந்தது. அம்மா விதிகளைச் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியாக ஏறுகிறவள்தான் பிடிக்க வேண்டும். கீழே நிற்பவர்கள் மேலே பார்ப்பார்கள், யார் வீட்டுச் சமையலறை விளக்கு இன்னும் எரிகிறது என்று. எரிந்தால் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். பாச்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் டிரைவர் ஹோன் அடிப்பார். முதல் ஹோன் கீழே இருப்பவர்களுக்கு, இரண்டாவது மேலே இருப்பவருக்கு. மூன்றாவது அடித்தால் கதை முடிந்தது. அதற்கு மேல் யாரும் கார்டு தேடுவதில்லை.

"எல்லாருக்குமே பிடிப்பீங்களா?"

"எல்லாருக்கும்தான்." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாம் மாடிக்காரிக்கு மட்டும் ஒரு ஹோன். அவ மகள் நிச்சயத்துக்கு ஊரையே கூப்பிட்டா, என்னைக் கூப்பிடல."

"ஒரு ஹோனுக்கு அப்புறம்?"

"அப்புறம் எனக்குக் கார்டு கிடைச்சிரும்."

"புதுசா குடிவந்தவங்க?"

"பதினொண்ணாம் மாடியா பன்னெண்டா, ஒருத்தி வந்திருக்கா. லிஃப்டுல போனைப் பார்த்துக்கிட்டே நிப்பா. வாயைத் திறந்தா முத்து கொட்டிருமாம். எந்த ஜன்னல் அவளோடதுன்னே தெரியாது. எதைப் பார்த்துக் கத்தறது? போன வாரம் ரெண்டு நாள் பஸ்ஸை விட்டுட்டா, பாவம்."

பாவம் என்று சொல்லும்போது அம்மாவின் முகத்தில் பாவம் ஒன்றும் தெரியவில்லை.

எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அக்கம்பக்கம் வேண்டும். அக்கம்பக்கம் வேண்டுமென்றால் நடைபாதையில் நடக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பாஸிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எங்க அத்தாவோட கடையில வரிசையில நிக்கிற ஆளுங்களும் இப்படித்தான்லா, முன்னாடி நிக்கிறவன் குழம்பைப் பார்த்து யோசிக்கிற மாதிரியே நடிப்பான், கூட்டாளி வர்ற வரைக்கும்" என்றார். பிறகு, "செய்" என்றார்.

பத்து நாள் தூக்கம் குறைவு. வரைபடப் பயணத்தை எடுக்கவில்லை. ஆனால் வேலைக்கு மட்டும் பஸ்தான். நடைபாதையில் எதிர்ப்படுகிறவரிடம் நின்று பேசினால் நட்பு ஏறும். கேட்டுவிட்டுக் கறிவேப்பிலை பறித்தால் ஏறும், கேட்காமல் பறித்தால் இறங்கும். தீபாவளிக்கு முறுக்கு, நோன்புப் பெருநாளுக்குப் பலகாரம், சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு, எந்த வீட்டுத் தட்டு எந்த வீட்டுக்குப் போகிறது என்பதெல்லாம் கணக்கில் சேரும். நட்பு ஓர் அளவைத் தாண்டினால் அந்த அக்கா உங்களுக்காகப் படியில் ஒரு கால் வைத்துக் கைப்பையைத் துழாவுவார். தாண்டாவிட்டால் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பார். இந்த வெளியே பார்க்கும் அசைவை நானே செய்தேன். அம்மாவைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது டெஸ்ட். அதே மூன்று மாணவிகள். முதல் இருபது நிமிடம் பழைய கதைதான். பிறகு ஒருத்தியின் ஆள் பஸ்ஸைத் தவறவிட்டாள். பஸ் ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்கா அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். மாணவிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் என்ன செஞ்சேன் இவளுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். யாருக்கும் பதில் சொல்ல அனுமதி இல்லை. அன்று விளையாட்டில் சாயங்காலம் முழுவதும் அவள் நடைபாதையில்தான் இருந்தாள். கதவு கதவாக நின்றாள். மறுநாள் அவளுடைய ஆள் துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறையில் இருக்கும்போது ஹோன் அடித்தது. கீழே அதே அக்கா, ஒரு கால் படியில், கை பைக்குள். மாணவி போட்ட கூச்சலில் கீழே சட்டம் போடும் கடைக்காரர் மாடிக்கு ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை விளையாட்டில் பஸ் வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மாணவி இப்போது எல்லாரோடும் பழகிவிட்டாள். எல்லாரும் எல்லாரோடும் பழகிவிட்டார்கள். மூன்றாம் மாடி அக்கா ஐந்தாம் மாடிக்காகப் பிடித்தாள். ஐந்தாம் மாடி வந்து சேர்ந்ததும் அவள் எட்டாம் மாடிக்காகப் பிடித்தாள். எட்டு வந்ததும் நாலு. ஏறியவர்கள் யாரோ மறந்துவிட்ட குடைக்காக இறங்கினார்கள். ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. ஒன்பதரைக்குப் பஸ்ஸைச் சுற்றி ஒரு சந்தையே கூடிவிட்டது. தலைக்குத் தலை சிரிப்புப் படம். மூன்று மாணவிகளும் ஒரே திரை முன்னால் நெருக்கிக்கொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நோட்டுப்புத்தகத்தில் ஹோன் விதியைத் தேடினேன்.

பாஸ் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஏம்மா பஸ் போகல?"

"ரொம்ப நல்லாப் பழகிட்டாங்க அண்ணே."

"இப்படிப் பழகினா பாயான் லெப்பாஸ்லேர்ந்து ஒரு சிப் வெளிய போகாது."

"மூணு ஹோனுக்கு மேல பிடிக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. எழுதி வச்சிருக்கேன். ஆனா ஹோனே இன்னும் சரியா வரல. சத்தக் களஞ்சியத்துல இருக்கிறது எல்லாம் கப்பல் ஹோன் மாதிரி இருக்கு, அதனால ஒண்ணோட நிறுத்திட்டேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேர டெஸ்ட் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. மாணவிகள் யாரும் எழுந்திருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் விளையாட்டைப் பூட்டணும், அதுக்கு மேல எதையும் மாத்த முடியாது," என்றார். "அதுக்குள்ள மூணு ஹோன். உண்மையான பஸ் ஹோன். வந்தா உன் ஊர் போகும். நானும் மேல பேசுவேன்."

அம்மாவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வெள்ளிக்கிழமைதான் தெரியும் என்பதையும் சேர்த்து. அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். "ஹோன்தானே?" என்றார். "பாச்சிக்கிட்ட சொல்லிக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் போனையும் அலுவலகத்தில் இரவல் வாங்கிய மைக்கையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த பஸ் நிறுத்தத்தில் நின்றேன். நிலைமையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறை. அம்மாவோடு அந்த பஸ்ஸில் போகும் பதினாலு பேரும் வந்து நின்றார்கள். சமையலறை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பாதிப் பேர் உதட்டுச்சாயம் பூசியிருந்தார்கள். இருபது வருடத்தில் முதல்தடவையாக ஒருவர்கூட லேட் இல்லை.

பஸ் வந்தது. எல்லாரும் மளமளவென்று ஏறிவிட்டார்கள். அம்மா ஜன்னலிலிருந்து, "பாச்சிக், ஹோன் அடிங்க!" என்றார்.

பாச்சிக் மலாய்க்காரர், இந்தப் பெண்களோடே இருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். "எல்லாம் ஏறியாச்சு. எதுக்கு ஹோன்? ஆள் தூங்குது லா."

"என் மக வேலைக்கு வேணும். சும்மா மூணு அடிங்க."

"சும்மா அடிச்சா பாவம். யார் லேட், சொல்லு, அடிக்கிறேன்."

நான் டிரைவர் ஜன்னல் பக்கம் போய்க் கெஞ்சினேன். அவர் என் முகத்துக்காக ஒன்று அடித்தார். பூனைக்குட்டி தும்மிய மாதிரி இருந்தது. மணி ஆறு மூன்று.

ஒன்பதாம் மாடி அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "நான் லேட்" என்று சொல்லிவிட்டு இறங்கி லிஃப்டைப் பார்த்து நடந்தார். "இரண்டாம் மாடி வரைக்கும் போனா போதும்க்கா!" என்று கத்தினேன். கேட்கவில்லை. செய்வதைத் திருந்தச் செய்கிற ஆள். ஒன்பதாம் மாடிக்கே போய்விட்டார். அங்கே போனதும் சமையலறை விளக்கைப் போட்டுக் கையை ஆட்டினார். கீழே ஒரே கைதட்டல். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால், லிஃப்டை யாரோ மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆறு ஐந்து. ஆறு ஏழு. அக்கா வரவில்லை. இப்போது இது நாடகம் இல்லை. அம்மா மெல்ல இறங்கிப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று கைப்பையைத் திறந்தார். யாரும் சொல்லவில்லை. பாச்சிக் கண்ணாடியில் பார்த்தார். முதல் ஹோன். "கார்டைக் காணோம் பாச்சிக், இங்கதான் வச்சேன்" என்றார் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஆறு பத்து. இரண்டாவது ஹோன். பதின்மூன்று பேரும் ஜன்னல் வழியாக மேலே பார்த்து அக்கா பெயரைக் கத்தினார்கள். படிக்கட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது, ஆனால் அது இன்னும் எங்கேயோ உயரத்தில் இருந்தது. ஆறு பதின்மூன்று. பாச்சிக் இந்தத் தடவை உள்ளங்கையை எடுக்கவே இல்லை. மூன்றாவது ஹோன் அடுக்குமாடிக்குப் பின்னாலிருக்கும் மலை வரைக்கும் போய்த் திரும்பியது. அந்த ஹோன் ஓய்ந்த ஒரு கணத்தில், நிசப்தத்தில், பஸ் பக்கமிருந்து ஒரு பெண் குரல் மிகத் தெளிவாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. அடுத்த நொடி ஒன்பதாம் மாடி அக்கா படிக்கட்டிலிருந்து, ஒரு கையில் செருப்போடு, பாய்ந்து வந்தார். அம்மாவுக்குக் கார்டு கிடைத்தது. பஸ் போய்விட்டது.

பாச்சிக் அன்று ஓட்டிய வேகத்தில் பின் சீட்டில் இருந்தவர்கள் முன் சீட்டுக்கு வந்துவிட்டார்களாம். ஆனாலும் பெக்டரி வாசலில் கார்டு தட்டும்போது ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது.

அலுவலகத்தில் பாஸ் காதில் மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். மூன்று ஹோன், நடுவில் அம்மாவின் குரல், பதின்மூன்று பேரின் கூச்சல், செருப்புச் சத்தம். ஹோனை மட்டும் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "எதையும் பிரிக்காதே" என்றார். ஒரே ஓர் இடத்தில் நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். "இது மட்டும் போகாது. யாரு இது?" தெரியாது அண்ணே என்றேன். அதை வெட்டினோம். மத்தியானம் ஊர் பூட்டப்பட்டது, மூன்றாவது ஹோனோடு பஸ் கிளம்பியது. நாலரைக்கு ஒரு கடித உறை என் மேசைக்கு வந்தது. பிரித்து இரண்டு தடவை படித்தேன்.

சாயங்காலம் பஸ் திரும்பி வரும்போது நான் கீழேயே நின்றேன். அம்மா இறங்கியதும் கடிதத்தைக் கொடுத்தேன். "என் பேர் இங்க இருக்கு. இங்க நிரந்தரம்னு போட்டிருக்கு." அம்மா விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார், மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கடிதத்தில் ஓர் அக்கறையும் இல்லை. "அதை விடு, எங்க குரல் வந்துச்சா?" என்று சூழ்ந்துகொண்டார்கள்.

போனில் போட்டுக் காட்டினேன். ஒவ்வொருவருக்கும் தன் குரல் அடையாளம் தெரிந்தது. "அந்தா நான்!" "அது நீயா? அது நான்லா, உன் குரல் தவளை மாதிரி." ஒன்பதாம் மாடி அக்கா தன் செருப்புச் சத்தத்தை மூன்று தடவை கேட்டார்.

"ஓரிடத்துல ஒரு கெட்ட வார்த்தை இருந்துச்சு," என்றேன். "யாரோடதுன்னு தெரியல. அதை மட்டும் வெட்டிட்டோம்."

 எல்லாரும் ரொம்ப மரியாதையான பெண்களாக லிஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

"ஏன்டி வெட்டின?" என்றார் அம்மா.